லாபியிஸ்ட் தரும் தேர்தல் நன்கொடை: தடையா, வரம்பா, கணக்கா?

யாரோ ஒருவருக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மசோதா பற்றி அவை உறுப்பினரிடம் பேச வரும் லாபியிஸ்ட், அதே உறுப்பினரின் தேர்தல் நிதிக்கும் காசோலை எழுதலாமா? அமெரிக்காவில் இதற்கு நாலு விடைகள் நடைமுறையில் உள்ளன. கொடு, ஆனால் கணக்குக் காட்டு என்கிறது மத்தியச் சட்டம். கொடு, ஆனால் கொஞ்சமாகக் கொடு என்கிறது நியூயார்க் நகரம். அவை கூடியிருக்கும்போது மட்டும் வேண்டாம் என்கிறது டெக்சாஸ். கொடுக்கவே கூடாது என்கின்றன வட கரோலினா, தென் கரோலினா, கென்டக்கி.

மேலோட்டமாகப் பார்த்தால் கடைசி விடைதான் கறார். பணம் போகும் தடத்தைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2025-26 கணக்கில், மத்தியத் தேர்தல் ஒன்றுக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 3,500 டாலருக்கு மேல் தர முடியாது. லாபியிஸ்டும் அப்படியே. அந்தத் தொகைக்காக யாரும் அவரைத் தேடி வருவதில்லை. வாடிக்கையாளர்கள், நண்பர்கள், சக ஊழியர்கள் என்று பத்துப் பேரின் காசோலைகளைத் திரட்டித் தருகிறாரே, அதற்குத்தான் மதிப்பு. பண்ட்லிங் என்பது அங்கே இதற்குப் பெயர். ஆகவே சொந்தக் காசு, திரட்டிய காசு இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்க்க வேண்டும்.

கணக்குக் காட்டும் முறை

லாபியிஸ்ட் ஜாக் அப்ரமாஃப் 2006 ஜனவரியில் லஞ்ச ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் 2007-இல் புதிய நேர்மைச் சட்டம் வந்தது. அதன்படி ஆண்டுக்கு இருமுறை, ஜூலை 30, ஜனவரி 30 கெடுவுக்குள், எல்.டி.-203 என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அரையாண்டில் ஒரே பெறுநருக்குக் கொடுத்தது மொத்தம் 200 டாலரைத் தொட்டால் பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் ஏற வேண்டும். மார்ச் மாதக் காலை விருந்தில் 150, மே மாதத்தில் 50 என்றால் இரண்டும் சேர்ந்து 200. இரண்டையும் எழுதியாக வேண்டும். தனித்தனியாகப் பார்த்து, ‘சின்னத் தொகைதானே’ என்று விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை.

இதைவிடப் பெரிய குழப்பம் யார் தாக்கல் செய்வது என்பதில். நிறுவனம் தனியாக, அதில் பதிவான ஒவ்வொரு லாபியிஸ்டும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். நிறுவனம் அனுப்பியதே தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு டாலர்கூடக் கொடுக்காதவரும், கொடுக்கவில்லை என்று தாக்கல் செய்தாக வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை 20-ஆம் தேதி அனுப்பும் எல்.டி.-2 என்ற லாபி வேலை அறிக்கை வேறு, இது வேறு.

அபராதம் 2,00,000 டாலர் வரை, தெரிந்தே ஏமாற்றினால் 5 ஆண்டு சிறை வரை என்று சட்டம் மிரட்டுகிறது. நடைமுறையில் முதலில் வருவது ஒரு கடிதம். திருத்திக்கொள்ள 60 நாள் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால்தான் விஷயம் வாஷிங்டன் அரசு வழக்கறிஞரிடம் போகும். அதோடு, அறிக்கையில் எழுத வேண்டிய பெறுநர்களாகச் சட்டம் சொல்வது வேட்பாளர்கள், பதவியில் இருப்பவர்கள், அவர்கள் நடத்தும் தனி நிதிக் குழுக்கள், கட்சிக் குழுக்கள், சில விழா, அதிபர் நூலக நிதிகள். வரம்பில்லாமல் நிதி திரட்டிச் செலவழிக்கும் சூப்பர் பாக் என்ற குழுக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய பணம் ஓடும் வாய்க்காலை விட்டுவிட்டு ஓரத்துக் கால்வாயில் அளவுகோல் நட்டிருக்கிறார்கள்.

திரட்டிய காசுக்குத் தனி விதி உண்டு. அதை அறிவிக்க வேண்டியது வேட்பாளரின் தேர்தல் குழு. ஒரு லாபியிஸ்ட் திரட்டியதாகக் குழு வரவு வைத்த தொகை அரையாண்டில் வரம்பைத் தாண்டினால் படிவம் 3எல் போட வேண்டும். 2025-இல் வரம்பு 23,300 டாலர். ஒரு தேர்தலுக்கு 3,500 வீதம் ஏழு பேரிடம் வாங்கினால் 24,500, அறிவிக்க வேண்டும். ஆறு பேரோடு நிறுத்தினால் 21,000, வேண்டாம். லாபியிஸ்டும் அவருடைய கணவரோ மனைவியோ சொந்தமாகக் கொடுப்பது இந்தக் கணக்கிலேயே சேராது. எல்லாவற்றுக்கும் மேல், ‘இது இன்னார் கொண்டுவந்தது’ என்று குழு தன் ஏட்டில் குறித்தாலோ, லாபியிஸ்ட் தானே காசோலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாலோதான் விதி செல்லும். யார் தயவில் வந்த பணம் என்பது வேட்பாளரின் மனதில் மட்டும் இருந்தால் படிவத்துக்கு வேலையில்லை.

கூட்டத்தொடர்த் தடை

நாலில் இதுதான் சோப்ளாங்கி. டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடருக்கு 30 நாள் முன்பு தொடங்கி, முடிந்து 20 நாள் வரை உறுப்பினர்கள் நன்கொடை வாங்க முடியாது. கொடுப்பவர் லாபியிஸ்டா இல்லையா என்ற பேதமில்லை. சிறப்புக் கூட்டத்தொடருக்கு இது பொருந்தாது. ஆக, கதவு சாத்துவதற்கு முந்தின வாரமும் திறந்த மறுநாளும் நன்கொடை விருந்துகள் வரிசை கட்டும். நாள் மாறுகிறது, தொகை மாறுவதில்லை. ஃபுளோரிடா இப்படி ஒரு தடை போட்டு, 1990-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

முழுத் தடை

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் ஊழல் வெடித்த சூட்டில் பிறந்தவை. தென் கரோலினா 1991, கென்டக்கி 1993. இரண்டுக்கும் முன்னால் எஃப்.பி.ஐ. விரித்த வலையில் சட்டமன்ற உறுப்பினர்கள் சிக்கியிருந்தார்கள். எழுதுவது சுலபம், நீதிமன்றத்தில் நிலைக்க வைப்பதுதான் பாடு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1976 பக்லி தீர்ப்புக்குப் பிறகு நன்கொடைக்கு வரம்பு போடலாம் என்பது தெளிவு. பூச்சியமே வரம்பு என்பதைத்தான் ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

கனெக்டிகட் தடையை 2010-இல் இரண்டாம் சுற்று (சர்க்யூட், அதாவது சில மாநிலங்களுக்கான மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆளுநர் ரோலண்ட் விலகக் காரணமான ஊழலில் மாட்டியவர்கள் ஒப்பந்ததாரர்கள். அவர்கள் மீதான தடை தப்பியது, லாபியிஸ்ட் மீதானது விழுந்தது. அடுத்த ஆண்டே நான்காம் சுற்று நீதிமன்றம் வட கரோலினாவின் தடையைச் செல்லும் என்றது. 2019-இல் ஆறாம் சுற்று கென்டக்கியின் தடையை ஏற்றது. ஊழல் யாரால் நடந்தது என்ற பதிவு சட்டத்தோடு பொருந்துகிறதா என்பதை எழுதும்போதே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கலிபோர்னியா கொஞ்சம் சுற்றி வந்தது. 1974-இல் போட்ட முழுத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1979-இல் ரத்து செய்தது. 2000-இல் சுருக்கி எழுதினார்கள்: எந்த அலுவலகத்தில் லாபி செய்யப் பதிவு செய்திருக்கிறாரோ, அதற்கு மட்டும் கொடுக்கக் கூடாது. அது நிலைத்தது. ஆனாலும் சந்து இருந்தது. வீட்டில் நன்கொடை விருந்து வைத்தால் 500 டாலர் வரையிலான செலவு நன்கொடையாகாது. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவின் லாபியிஸ்ட் ஒருவர் தன் வீட்டு விருந்துகளில் ஒயினும் சுருட்டுமாக அதைத் தாண்டி, 2014-இல் 1,33,500 டாலர் அபராதம் கட்டினார். அதன்பின் அந்தச் சலுகை லாபியிஸ்டுகளுக்கு இல்லை என்று ஆக்கப்பட்டது.

வட கரோலினா ஒரு படி மேல். பிறரிடம் வாங்கி வேட்பாளரிடம் சேர்ப்பதையும் சட்டமே தடுக்கிறது. அந்த வரி இல்லாத முழுத் தடை பாதித் தடைதான்.

சிறு வரம்பு

நியூயார்க் நகரம் 2007-இல் எடுத்த வழி எனக்குப் பிடித்தது. நகர அரசோடு தொழில் செய்பவர்கள், லாபியிஸ்டுகள் பெயரெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அதில் உள்ளவர் மேயர் வேட்பாளருக்கு 400, பரோ (நகரின் பெரும் பகுதி) தலைவர் வேட்பாளருக்கு 320, நகர மன்ற வேட்பாளருக்கு 250 டாலர் வரை தரலாம். தேர்தல் நிதி வாரியம் ஒவ்வொரு கணக்கையும் பட்டியலோடு ஒப்பிட்டு, மிஞ்சியதைத் திருப்பச் சொல்லும். 20 நாளில் திருப்பினால் குற்றமில்லை. 2011-இல் நீதிமன்றமும் ஏற்றது.

வரம்பைவிட வேலை செய்வது பொதுநிதி. நகரவாசி மேயர் வேட்பாளருக்கு 250 டாலர் கொடுத்தால் நகரம் எட்டு மடங்கு சேர்க்கிறது. கையில் வருவது 2,250. லாபியிஸ்டின் 400-க்கு ஈடு கிடையாது, 400 தான். பட்டியலில் உள்ளவர் திரட்டித் தந்த காசுக்கும் 2016-க்குப் பிறகு ஈடு இல்லை. வேட்பாளரின் பார்வையில் லாபியிஸ்டைவிடப் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் ஐந்து மடங்குக்கு மேல் லாபமானவர். யாரையும் தடுக்காமல் கணக்கையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். செலவு என்னவோ நகரக் கஜானாவுக்கு. இந்தப் பொதுநிதி இல்லாத மாநிலத்துக்கு இந்த வழியில் பாதிதான் கிடைக்கும்.

பட்டியலில் யார்?

எதைத் தேர்ந்தாலும் லாபியிஸ்ட் யார் என்ற வரையறை ஓட்டையாக இருந்தால் எல்லாம் ஒழுகும். (இந்தியாவில் பதிவுச் சட்டமே இல்லை என்பதால் இந்தக் கேள்விக்கே வரமுடியாது.) மத்தியச் சட்டப்படி ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு தடவைக்கு மேல் அதிகாரிகளைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும், அந்த வாடிக்கையாளருக்குச் செலவிடும் நேரத்தில், மூன்று மாதக் கணக்கில், லாபி வேலை 20 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதிவு. அந்த வாடிக்கையாளருக்கான வாரம் 40 மணி நேரத்தில் 8 மணி நேரம் என்றால் உள்ளே, 7 மணி நேரம் என்றால் வெளியே. வெளியே இருப்பவரின் விசிட்டிங் கார்டில் ‘ஆலோசகர்’ என்று இருக்கும்; எல்.டி.-203-உம் படிவம் 3எல்-உம் அவரைத் தொடாது.