அட்ஜே வழியா, அபட் வழியா?

ஒரு நகரத்தை வருடக்கணக்கில் புகைப்படமெடுக்க நினைப்பவர் இரண்டு பேரைப் பார்க்கலாம்: பாரிஸில் யூஜீன் அட்ஜே, நியூயார்க்கில் பெரெனிஸ் அபட்.

அட்ஜே நாடக நடிப்பு சரிவராமல் கேமராவுக்கு வந்தவர். 1890களின் கடைசியில் பழைய பாரிஸைப் பிடிக்கத் தொடங்கி, 1927இல் சாகும்வரை விடவில்லை. மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, 18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகள் என்று அத்தனையும் சுமந்து அலைந்தார். கட்டடத்தின் உச்சியும் படத்துக்குள் வரவேண்டும் என்று லென்ஸை மேலே ஏற்றிவிடுவார். அதனால் பல படங்களில் மேல்மூலைகள் கருத்திருக்கும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை போல. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் பிரதி விற்றுத்தான் பிழைப்பு. 1920இல் 2,600க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு அரசிடம் கொடுத்தார்.

அபட்டுக்கு அப்படியில்லை. 1935 முதல் அமெரிக்க அரசின் கலைத் திட்டத்தில் சம்பளம், உதவியாளர்கள் எல்லாம் கிடைத்தன. நான்கே வருடத்தில் 305 படங்கள் கொண்ட தொகுப்பு தயார். ஆனால் நிதி சுருங்கியது, 1939இல் வேலை முடிந்தது.

வேகம் வேண்டுமென்றால் அபட் வழி. கைக்காசு போட்டாலும் யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால் என் ஓட்டு அட்ஜேக்கு. சரி, அவர் போனபின் படங்களை யார் காப்பது? 1928இல் அட்ஜே விட்டுப்போன படங்களை வாங்கி, 1968இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு விற்கும்வரை வைத்துக் காத்தவர் இதே அபட்தான்.