கிளிநொச்சியில் ஒருநாள் உயிரியல் வகுப்பு: ஒட்டுசுட்டானில் இருந்து போனது வீண்போகவில்லை

மகள் ஏ.எல் உயிரியல் படிக்கிறாள். பெரிய மூலக்கூறுகள் கலத்துக்குள் எப்படிப் போகின்றன, எப்படி வெளியே வருகின்றன என்ற பகுதி மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை, அதனால்தான் மாங்குளத்தில் பஸ் மாறி இந்த ஞாயிறு வகுப்புக்குக் கூட்டிப் போனேன். கட்டணம் 1000 ரூபா. பெற்றோரும் பின்வாங்கில் இருக்கலாம் என்றார்கள், இருந்தேன்.

சேர் முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு, ஈர்க்கால் கிட்டக் கிட்டத் தள்ளினார். இரண்டும் ஒன்றாகின. கலத்தைச் சுற்றியிருக்கும் கலமென்சவ்வும் கொழுப்புத்தான், அதனால் கிழியாமல் உள்வளைந்து பையாகக் கழன்றுபோகவும், இன்னொரு சவ்வோடு சேரவும் அதற்கு முடியும், ஆனால் எண்ணெய் மாதிரித் தானாகச் சேராது, ஸ்னேர் என்ற புரதங்கள் கயிறு முறுக்குவதுபோல் இரண்டு சவ்வையும் இழுத்து நெருக்க வேண்டும் என்றார். 2013 மருத்துவ நோபல் பரிசு இந்தப் பைப் போக்குவரத்தைக் கண்டறிந்த மூவருக்குத்தானாம்.

ஒட்சிசன் சவ்வினூடாகவே போய்விடும், குளுக்கோசுக்குக் காவிப் புரதம் உண்டு. பற்றீரியாவுக்கு அந்த வழியெல்லாம் இல்லை, வெண்குழியம் அதைச் சுற்றி வளைத்துத்தான் விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகும் அது பைக்குள்தான் கிடக்கிறது, கலத்தின் உள்ளே நிறைந்திருக்கும் குழியவுருவைத் தொடவே இல்லை, சமிபாட்டு நொதியங்கள் உள்ள இலைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அந்தப் பையோடு சேர்ந்த பிறகுதான் சமிபாடு. மகளுக்கு இவ்வளவு நாளும் விளங்காமல் இருந்தது இந்த இடம்தான்!

எனக்குப் பிடித்தது இன்சுலின் பகுதி. என் அம்மாவுக்குத் தினமும் ஊசி போடுவது நான். சதையிக் கலங்களில் அந்த இன்சுலின் பைகளில் ஆயத்தமாக இருக்குமாம், இரத்தத்தில் சீனி கூடியதும் கல்சியம் உள்ளே வர, பைகள் சவ்வோடு சேர்ந்து வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். இத்தனை வருடம் ஊசி போட்டும் இது எனக்குத் தெரியாது.

சரி, குறைகள். தகரக் கொட்டகை, ஒரே ஒரு ஃபேன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் அவசரம், கலம் திரவத்தை உறிஞ்சும் பகுதி ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. ரியூட்டில் படங்கள் கறுப்பாக அடித்திருந்ததால் அம்புக்குறி உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்றே தெரியவில்லை, இந்தப் பாடத்தில் அந்த அம்புக்குறிதானே எல்லாம், காசு வாங்குகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். வகுப்பும் நேரத்துக்கு முடியவில்லை. மாங்குளத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு ஓட்டோவில்தான் வீடு வந்தோம், தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகளை நேரத்தோடு விடுங்கள்.

அடுத்த வகுப்புக்கும் போவோம். படங்களை மகள் கையால் திரும்பக் கீறி வைத்திருக்கிறாள், வேண்டிய பிள்ளைகள் கேட்டால் ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன்.