சைட் குரூப்புக்கு வாட்ஸ்அப்: கேட்க நல்லது, சேர்த்துவைக்க ஆகாது

கட்டட வேலையில் சந்தேகம் கேட்கவும் தப்பைக் காட்டிக் கற்றுக்கொள்ளவும் குரூப் என்றாலே வாட்ஸ்அப்தான். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் மேஸ்திரி, பிளம்பர் என எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. எழுதத் தயங்குபவர்கூட வாய்ஸ் மெசேஜில் பேசிவிடுவார். வேறு ஆப்கள் சைட்டில் நிலைக்காததற்கு இதுதான் காரணம்.

கோளாறு, பேசியதைப் பிறகு தேடும்போது தெரியும். குட்மார்னிங் படம், ஆள் கணக்கு, மணல் லோடு இவற்றுக்கு நடுவே உருப்படியான பதில் மூழ்கிவிடும். முக்கியமானதை மேலே நிற்கும்படி பின் (pin) செய்யலாம், ஆனால் மூன்று மெசேஜ்தான், அதிகபட்சம் 30 நாள்தான். அஸ்திவாரத்தின்போது பின் செய்த கவர் பிளாக் (கம்பி பலகையை ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் கட்டை) அளவு, அதாவது அஸ்திவார ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ., காலம் என்னும் தூணுக்கு 40, ஸ்லாப்புக்கு 20, ரூஃப் கான்கிரீட் அன்று அங்கே இருக்காது. போட்டோவும் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, மயிரிழை விரிசல் மங்கிவிடும். ஹெச்டியில் அனுப்ப வேண்டும். டிராயிங்கை டாக்குமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும்.

சேர்த்துவைக்க டெலிகிராம் மேல். டாபிக்ஸை ஆன் செய்தால் கம்பி, சென்ட்ரிங், பிளம்பிங் என்று தனித்தனியாகப் பிரியும். பழைய மெசேஜ் தெரியும்படி செட்டிங் வைத்தால் புதிதாக வருபவரும் முதலிலிருந்து படிக்கலாம். மேஸ்திரிகள் தினமும் திறக்க மாட்டார்கள் என்பது நிஜம். பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கட்டும். சூப்பர்வைசர் சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன் அந்த வாரத்தில் தேறியதை மட்டும் டெலிகிராமுக்கு மாற்றினால் போதும்.

ஆனால் எந்த ஆப்பாக இருந்தாலும், வீட்டுக்காரர் இருக்கும் குரூப்பில் ஒரு மேஸ்திரியும் தப்பைக் காட்ட மாட்டார். வீட்டுக்காரருக்குத் தனி குரூப் போடுங்கள். படம் வந்ததும் "யார் பார்த்த வேலை?" என்று இன்ஜினியர் கேட்டால் அடுத்த படம் வராது. "எந்த இடம், எப்படி ஆச்சு?" என்று கேட்டால் வரும்.

காலம் அடியில் தேன்கூடு (கான்கிரீட் நிரம்பாமல் ஜல்லி தெரியும் ஓட்டைகள்) விழுந்தால் மூன்று படம் தேவை: தூரத்திலிருந்து ஒன்று, டேப் பிடித்துக் கிட்டத்தில் ஒன்று, சென்ட்ரிங் பலகையின் அடிப்பக்கம் ஒன்று. பெரும்பாலும் அடி இடுக்கு வழியே சிமென்ட் பால் ஒழுகியிருக்கும், அல்லது கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அடிவரை போயிருக்காது. படத்தின் கீழே "சி3 காலம், தேன்கூடு" என்று எழுதினால்தான் பிறகு தேடும்போது சிக்கும். இன்ஜினியர் பார்க்கும்வரை பூசி மூடக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். வாய்ஸில் வந்த பதிலுக்குக் கீழே ஒரு வரி எழுதிவையுங்கள். ஒலியைத் தேட முடியாது. இந்தி பேசும் ஆட்களுக்கு அதையே இந்தியில் ஒரு வாய்ஸ்.

குரூப் தொடங்கிய அன்றே செட்டிங் மாற்றும் உரிமையை அட்மினுக்கு மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால், போனில் இடம் இல்லை என்று யாராவது மறையும் மெசேஜை ஆன் செய்துவிடுவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் 90 நாளில், ஏன், 24 மணி நேரத்தில்கூட அழிந்துபோகும்.