ஏஜென்ட் ஒன்றா, கூட்டமா? பாரிமுனையில் போட்டுப் பார்த்த கணக்கு

இறக்குமதிச் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குத் தரும் சரக்கு அறிவிப்பு) போடுவதற்கு முன்னால் எவ்வளவு காகிதம் பார்க்க வேண்டும் என்பது பாரிமுனையில் ஏதாவது ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் அரை நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), சரக்கின் கேட்லாக், எல்லாவற்றிலும் எடையும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும், அப்புறம் சரக்கு எந்த வகை என்று குறிக்கும் 8 இலக்க எச்.எஸ். கோடு வேறு. அப்படி ஓர் ஆபீஸுக்காக, செக்லிஸ்ட் (தாக்கலுக்கு முன் சரிபார்க்கும் வரைவு) தயாரிக்க ஏஐ ஏஜென்ட்களை, அதாவது கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ புரோகிராம்களை, நான்கைந்து விதமாகக் கோத்துப் பார்த்தேன்.

முதலில் கூட்டமாகப் பேசவிடும் முறை. ஏஜென்ட்களைக் கோக்க உதவும் மைக்ரோசாஃப்டின் கருவியான ஆட்டோஜென் 2023-இல் பிரபலமாக்கியது இதைத்தான்: ஏஜென்ட்கள் ஒரே அரட்டையில் உட்கார்ந்திருக்கும், அடுத்து யார் பேசுவது என்று ஒரு மேனேஜர் தேர்ந்தெடுக்கும். டெமோவுக்குப் பிரமாதம். நிஜத்தில் ஒன்று சொன்னதை இன்னொன்று ஆமோதித்து, அதற்கு முதல் ஏஜென்ட் நன்றி சொல்லி, டோக்கன் (ஏஐ படித்து எழுதும் சொல்துண்டு, கட்டணம் இதற்குத்தான்) மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டே ஆட்டோஜெனையும் தன் இன்னொரு கருவியான செமான்டிக் கெர்னலையும் சேர்த்து ஏஜென்ட் ஃபிரேம்வொர்க் என்று புதிதாக ஒன்றை அறிவித்துவிட்டது, அதனால் இன்று ஆரம்பிப்பவர்கள் ஆட்டோஜெனில் ஆரம்பிக்க வேண்டாம்.

க்ரூஏஐ என்ற இன்னொரு கருவி அரை மணி நேரத்தில் ஓடிவிடும். ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் பாத்திரம், இலக்கு, பின்கதை எழுத வேண்டும். "இருபது வருட அனுபவமுள்ள கஸ்டம்ஸ் நிபுணர் நீ" என்று நானும் எழுதினேன்; அனுபவம் வந்தபாடில்லை.

அடுத்தது மேஸ்திரி முறை. ஒரு தலைமை ஏஜென்ட் வேலையைப் பிரித்துக் கொடுக்கும், கீழே உள்ளவை ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செய்து சுருக்கத்தைத் திருப்பித் தரும். கிளாட் ஏஐயைச் செய்யும் ஆந்த்ரோபிக் தன் ஆய்வுக் கருவியை இப்படித்தான் கட்டியது. தனி ஏஜென்ட்டைவிட 90.2 சதவீதம் மேலாக இருந்ததாகத் தங்கள் உள் சோதனையை வைத்து 2025 ஜூனில் எழுதினார்கள். சாதாரண அரட்டையைப் போல சுமார் 15 மடங்கு டோக்கன் செலவாகிறது என்பதையும் அவர்களே அதே கட்டுரையில் சொன்னார்கள். அதே மாதம் புரோகிராம் எழுதும் ஏஜென்ட்டான டெவினைச் செய்யும் காக்னிஷன் நிறுவனம் நேர் எதிராக, பல ஏஜென்ட் கட்டாதீர்கள் என்று எழுதியது. இரண்டும் சரிதான் என்பது எனக்கு ஓர் எல்இடி விளக்கில் புரிந்தது.

சரக்கு, சார்ஜ் செய்து கையில் எடுத்துப்போகும் எல்இடி விளக்கு. கேட்லாக் படித்த ஏஜென்ட் பேட்டரி விவரத்தைப் பார்த்திருந்தது, ஆனால் மேலே அனுப்பிய சுருக்கத்தில் "எல்இடி விளக்கு" என்பதோடு முடித்துக்கொண்டது. கோடு போடும் ஏஜென்ட் அதை நம்பி பொதுவான விளக்குகளுக்கான 9405-இல் தள்ளியது. அங்குள்ள சீனியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பேட்டரி இருக்குல்ல? 8513 பாருங்க" என்றார். தன் சொந்த பேட்டரியில் எரியும் கைவிளக்குகளுக்கான கோடு அது. எந்த ஏஜென்ட்டும் தன் அளவில் தப்புச் செய்யவில்லை, சுருக்கும்போது விஷயம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஐம்பது ஆவணங்களைப் படிப்பதைத் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் கோடு எது என்ற முடிவை எடுக்கும் ஏஜென்ட்டுக்கு மூல ஆவணமே கண்ணில் பட வேண்டும்.

கைமாற்றும் முறையில் இந்தச் சிக்கல் குறைவு. ஓபன்ஏஐ 2024 அக்டோபரில் ஸ்வார்ம் என்று பரிசோதனையாக விட்டு, 2025 மார்ச்சில் ஏஜென்ட்ஸ் எஸ்டிகே என்ற கருவித்தொகுப்பாக ஆக்கியது. ஒரு ஏஜென்ட் அடுத்ததிடம் ஒப்படைக்கும்போது வழக்கமாக முழு உரையாடலும் கூடவே போகும். ஆனால் வேலை வரிசையாகத்தான் நடக்கும், நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் பத்துப் படி தாண்டுவதற்குள் 60 சதவீதத்துக்கு வந்துவிடும், நடுவில் யாராவது நிறுத்திப் பார்க்காவிட்டால்.

அந்த நிறுத்தத்துக்காகத்தான் கடைசியில் லாங்கிராஃப் என்ற கருவிக்குப் போனேன். எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று நாமே வரைந்துவிட வேண்டும், எழுதும் வேலை அதிகம், பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் ஒவ்வொரு படியின் நிலையையும் சேமித்து வைக்கிறது, நடுவில் மனிதருக்காக நின்று, மறுநாள்கூட விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. வரைந்து பார்த்தபோதுதான் பாதி ஏஜென்ட்கள் தேவையே இல்லை என்று தெரிந்தது. எடையை ஒப்பிட எதற்கு ஏஐ, நாலு வரி பைத்தான் போதும். கூகுள் தொடங்கிய ஏ2ஏ நெறிமுறை பற்றியும் கேட்பார்கள், அது வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்கள் பேசிக்கொள்வதற்கு. ஒரே ஆபீஸுக்குள் அதற்கு வேலை இல்லை.

இப்போது ஓடுவதில் ஆவணம் படிக்க மூன்று, கோடு முடிவெடுக்க ஒன்று. செக்லிஸ்ட் சீனியர் திரையில் வந்து நிற்கும். அவர் டீ குடித்துவிட்டு வந்து ஓகே போடும்வரை அடுத்த படி நகராது.