அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு மூன்று நாள் டிஜிட்டல் பயிற்சி: ஒரு மதிப்பீடு

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே உள்ள நவீன அரிசி ஆலை ஒன்றில் நான் மேலாளராகப் பணிபுரிகிறேன். உமி நீக்கும் ஷெல்லர், தவிடு நீக்கும் பாலிஷர், நெல்லைக் காயவைக்கும் டிரையர் ஆகியவற்றில் சென்சார்களைப் பொருத்தி, அவை தரும் அளவுகளை எல்லாம் ஒரே திரையில் பார்க்கும் ஏற்பாட்டைச் சென்ற ஆண்டு செய்து முடித்தோம். நான்கு மாதங்களாகியும் என்னையும் எலக்ட்ரீஷியனையும் தவிர வேறு யாரும் அந்தத் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே, ஆலை நவீனமாவதைத் தொழிலாளர்களுக்குப் புரியவைப்பதாகச் சொல்லும் ஒரு பயிற்சி நிறுவனத்தை, குறுவை நெல் வரத்து தொடங்குவதற்கு முன்பாக, ஆடி மாதத்தில் மூன்று நாள்களுக்கு அழைத்தோம். 26 பேருக்குக் கட்டணம் 45,000 ரூபாய். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் நாள் முற்பகல் வீணாகப் போயிற்று. இயந்திரங்களை இணையத்தோடு இணைக்கும் நான்காம் தொழிற்புரட்சி என்ற பேச்சு 2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் எழுந்த கதையைப் பாய்லர்காரர் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கையில் கொடுத்த புத்தகத்தில் 'எண்மிய உருமாற்றம்', 'முன்கணிப்புப் பராமரிப்பு' என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தனவே தவிர, 'தவிடு', 'நொய்' என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. போதாததற்கு, நெல்லை ஏன் ஊறவைத்து அவிக்கிறோம் என்று எங்களுக்கே விளக்கினார்கள். 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டித் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்தது. நெல் பதனத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் பாடம் எடுக்க வருபவர் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வருவது நல்லது.

பிற்பகலில் எல்லோரும் ஆலைக்குள் இறங்கிய பிறகுதான் பயிற்சி உயிர் பெற்றது. எங்கள் டிரையரைப் பார்த்துக்கொள்பவர் முப்பது ஆண்டுகளாக நெல்லைப் பல்லில் கடித்தே ஈரப்பதம் சொல்பவர். பயிற்சியாளர் டிரையரிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பத மீட்டரில் போடப் போனபோது, பெரியவர் அவர் கையைத் தடுத்து, "தம்பி, சூடு ஆறட்டும். கொதிக்கிற நெல்லுல உங்க மிஷினு சரியாக் காட்டாது" என்றார். அது உண்மைதான், சூடான தானியத்தில் மீட்டர் தடுமாறும். பயிற்சியாளர் அதை ஏற்றுக்கொண்டு, ஐந்து மாதிரிகளைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, முதலில் கடித்துச் சொல்லச் சொல்லி, அதன் பிறகே மீட்டரில் போட்டார். மூன்றில் பெரியவர் அரை சதவீதத்துக்குள் சொன்னார்; இரண்டில் இரண்டு சதவீதத்துக்கு மேல் தவறினார். தவறிய அந்த இரண்டையும் அவரே மறுபடி கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தலையாட்டினார்.

அந்த இரண்டு சதவீதத்தின் விலை என்ன என்பதைப் பயிற்சியாளர் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். கொள்முதல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கும் 17 சதவீத ஈரத்தோடு வரும் 100 கிலோ நெல், வேறு இழப்பு எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டால், 14 சதவீதத்தில் டிரையரை விட்டு இறங்கும்போது 96.5 கிலோ இருக்கும். 12 சதவீதம்வரை காயவிட்டால் 94.3 கிலோதான் இருக்கும். குறைந்த எடை போதாதென்று, அதிகம் காய்ந்த நெல் பாலிஷரில் உடைந்து நொய்யாகவும் போகும். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு திரையில் ஓடும் ஈரப்பதக் கோட்டை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஷெல்லர் பக்கம். பத்து மணி நேர ஷிப்டில் ஒன்பது மணி நேரம் ஓடி, மணிக்கு 4 டன் வீதம் 36 டன் அரைக்க வேண்டிய இடத்தில் 32.4 டன் அரைத்து, அதிலும் 95 சதவீதம் மட்டும் மறுபடி அரைக்காமல் தேறினால், மொத்தத் திறன் 77 சதவீதம் என்று நேரம் 90, வேகம் 90, தரம் 95 ஆகிய மூன்று சதவீதங்களையும் பெருக்கிக் காட்டினார்கள். "மீதி 23 எங்க சார் போச்சு?" என்று ஷெல்லர்காரர் கேட்டதற்குப் பதிலாக முந்தைய இரவின் வரைபடத்தைத் திறந்தார்கள். இரவு ஒரு மணி சுமாருக்கு, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவான ஆம்பியர் நாற்பது நிமிட நேரம் கீழே விழுந்து கிடந்தது. கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. "நாங்க டீ குடிக்கப் போனதைக் கண்டுபிடிக்கத்தானா இது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தபோது பயிற்சியாளர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

இந்தச் சேவையில் நான் கண்ட பெருங்குறை இதுதான். இந்த எண்களை யார் பார்ப்பார்கள், அதை வைத்துக் கூலியில் கை வைப்பார்களா என்ற ஒரே கேள்விதான் நான்கு மாதங்களாக அத்தனை பேரையும் திரையிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்காத பாடத்திட்டம் பாதிப் பாடத்திட்டமே. ஆனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர் அல்லர், முதலாளியும் நானும்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலை, ஷெல்லருக்கு நெல் ஏற்றும் எலிவேட்டரைத் திறந்து பார்த்தபோது அடியில் ஈர நெல் அடைத்து பெல்ட் வழுக்கியிருந்தது தெரிந்தது; நாற்பது நிமிடங்களும் அதைத் தட்டி எடுப்பதில்தான் போயிருந்தன. மறுநாள் காலை முதலாளியே வந்து, திரையில் உள்ள எதையும் காட்டி யாருடைய சம்பளத்தையும் பிடிப்பதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

சிறு குறைகளும் உண்டு. மாலை ஆறு மணி வகுப்புக்கு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்களால் வர முடியவில்லை. மூட்டை தூக்கும் பீகார்த் தொழிலாளர்கள் ஏழு பேருக்கு இந்தியில் சொல்ல ஆளில்லை. நிறம் மாறிய அரிசியைக் காற்றடித்து ஒதுக்கும் சார்டெக்ஸ் இயந்திரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் கறுப்பரிசி ஏன் தப்பிவிடுகிறது என்பதை அவசரமாக முடித்தார்கள்.

மூன்றாம் நாள் செய்த ஒரு காரியத்துக்காகவே இவர்களை மறுபடி அழைப்பேன். திரையில் ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் தொழிலாளர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டு, அதையே தமிழில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டச் செய்தார்கள். 'ஓவர்லோடு' என்பதற்கு நேரே 'முக்குது' என்று இருக்கிறது. அழைக்க விரும்புகிறவர்கள் முதல் நாள் முற்பகலை முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தையும் ஆலைக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஈர நெல் வந்து குவியும்போது ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். தனிக் கட்டணம் கேட்கிறார்கள், பேரம் இன்னும் முடியவில்லை.