சென்மதியா, முற்கொடுப்பனவா?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. மார்ச் மாத மின்கட்டணம் 8,000 ரூபா இன்னும் கட்டவில்லை. இது சென்மதி, அதாவது இவ்வாண்டுக்குரிய, ஆனால் இன்னும் கட்டாத செலவு. செலவோடு கூட்டி, நடைமுறைப் பொறுப்பிலும் (ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன்) காட்ட வேண்டும்.

வாடகை வேறு மாதிரி. ஜனவரி 1இலேயே ஓராண்டுக்கு 240,000 ரூபா கட்டியாயிற்று. மூன்று மாதத்துக்குரிய 60,000 மட்டுமே இவ்வாண்டுச் செலவு. மிச்சம் 180,000 முற்கொடுப்பனவு, அதாவது அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே கட்டிய பணம்; அது நடைமுறைச் சொத்து. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மாதங்களை விரல்விட்டே எண்ணுங்கள்.

இரண்டும் செம்மையாக்கம்தான், அதாவது ஆண்டு முடிவில் கணக்கைச் சரிசெய்யும் பதிவு. ஆனால் முற்கொடுப்பனவை மறந்தால் இலாபம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். சென்மதியை மறப்பதுதான் ஆபத்து: செலவு குறைந்து இலாபம் கூடுதலாகத் தெரியும், அந்த இல்லாத இலாபத்தை நம்பி முதலாளி பணத்தை எடுத்துவிடுவார்.