ஒரே வண்டியா, இரண்டு வண்டியா?

2008ல் மாநகராட்சியான திருப்பூர் மாதிரி வேகமாக வளரும் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வாங்குவதென்றால், தண்ணீர், நுரை, ரசாயனப் பொடி, இரும்பு வெட்டும் கருவி எல்லாம் ஏற்றிய பல்நோக்கு வண்டி ஒன்றா? இல்லை, தண்ணீர் வண்டியும் மீட்பு வண்டியும் தனித்தனியா?

பல்நோக்கு வண்டியின் அருமை ஆள் பற்றாக்குறையில் தெரியும். ஒரு டிரைவர், ஒரு குழு போதும். பெட்ரோல் பங்க் தீயோ, லாரிக்கடியில் நசுங்கிய காரோ, அதே வண்டிதான் கிளம்பும்.

சிக்கல் தண்ணீரில். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கருவிகள் ஏற ஏற டேங்க் சுருங்கும். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் பீய்ச்சினால் 4,500 லிட்டர் டேங்க்கே நாலரை நிமிடம்தான். 2,000 லிட்டர் என்றால் ஹோஸைப் பிடித்து நிற்பதற்குள் காலி. பனியன் குடோனில் பஞ்சுக் கழிவு எரிந்தால் மேலே அணைந்த மாதிரி இருக்கும். மூட்டையைப் பிரித்தால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அங்கே வண்டியின் ஷட்டருக்குள் அடுக்கிய பளபள கருவிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பம்ப் பழுதாகி ஒர்க்‌ஷாப் போனால், பல்நோக்கு வண்டியோடு வெட்டும் கருவியும் சேர்ந்தே போய்விடும். தனி மீட்பு வண்டி சின்னதாக இருந்தால் சந்துக்குள்ளும் நுழையும்; ஆனால் இன்னொரு டிரைவர் வேண்டும்.

என் ஓட்டு: ஊருக்கு ஒரே நிலையம் என்றால் பல்நோக்கு. குடோன்கள் நெருக்கமான பகுதியில் அடுத்த நிலையம் வந்தால், அங்கே பெரிய டேங்க்தான் முதலில்.